ஜெகவீரன் குடித்தால் தெருவுக்கு ஏறும்

செக்கடித் தெருவில் செக்கு இருந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முனையில் தண்ணீர்த் தொட்டி, மறு முனையில் காளியம்மன் கோயில், நடுவில் மைக்செட் வாடகைக்கு விடும் ஜெகவீரன், அவன் குடித்துவிட்டு வந்து விழும் சாக்கடை ஓரம், அவ்வளவுதான். அந்த ஜெகவீரன் ஓர் ஆடி மாதச் சாயங்காலம் வழக்கம்போல் கடைக்குப் போய், வழக்கம்போல் ஒரு குவார்ட்டரை ஊற்றிக்கொண்டு, ஏறவில்லையே என்று இன்னொன்றையும் ஊற்றிக்கொண்டு, அதுவும் ஏறவில்லையே என்று கடைக்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு, நூல் பிடித்ததுபோல் நேராக நடந்து வீட்டுக்கு வந்தபோது, அவன் மனைவி சீனியம்மாள் கிரைண்டர் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, தோசை மாவு வாங்க வந்த பெண்களிடம், "மாவு இல்ல, போங்கடி, அம்புட்டையும் நானே தின்னுட்டேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாவு வாங்க வந்த பெண்களும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சீனியம்மாள் இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிப்பவள். புருஷனின் குடியை நிறுத்த அவள் பார்க்காத சாமி இல்லை, கலக்காத வேர் இல்லை, ஒளித்துவைக்காத செருப்பு இல்லை. அவளுக்குத்தான் முதலில் ஏறியது, அடுத்து எதிர்வீட்டுக்கு, அப்புறம் தொட்டி முனையிலிருந்து கோயில் முனை வரைக்கும் ஒரு வீடு விடாமல், கல்யாண வயசு வந்த அத்தனை பேருக்கும் ஏறியது. குழந்தைகளை மட்டும் அது தொடவில்லை. அதுகள்தான் அன்றைக்குப் பெரியவர்களைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் படுக்கப்போட்டன.

ஏன் இப்படி ஆயிற்று என்று தெரு ஒரு வாரம் யோசித்துப் பார்த்தது. காளியம்மனின் கோபம் என்றார்கள் சிலர், கடைச் சரக்கில் கலப்படம் என்றார்கள் சிலர். ஜெகவீரன் குடிக்கும் நாளில் தெருவுக்கு ஏறுகிறது, குடிக்காத நாளில் ஏறவில்லை, அவனுக்கு மட்டும் எந்த நாளிலும் ஏறவில்லை என்பது தெளிவானதும், காரணத்தைத் தேடும் வேலையை விட்டுவிட்டு, நேரத்தை ஒழுங்கு செய்யும் வேலையில் தெரு இறங்கிவிட்டது.

அந்த வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டவர் தையல்காரர் அய்யாத்துரை. எந்த விசேஷம் என்றாலும் முன்னால் நிற்கிற ஆள். அவர் சொன்னபடி, ஜெகவீரன் சாயங்காலம் டிவி நாடகங்கள் முடிவதற்கு முன்னால் குடிக்கக் கூடாது, யார் வீட்டிலாவது பெண் பார்க்க வருகிற நாளில் வாயே வைக்கக் கூடாது, சாவு விழுந்த துட்டி வீடு என்றால் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கலாம், ரம் குடித்தால் சில பேருக்கு நெஞ்சு கரிக்கிறது, ஆகையால் பிராந்திதான். பிராந்தியிலும் எது என்பதில் தெரு இரண்டாகப் பிரிந்து சட்டையைப் பிடித்துக்கொண்டது. தெருவைச் சேர்ந்த பஸ் கண்டக்டர் ஒருவர், தெருவைத் தாண்டினால் தப்பித்துவிடலாம் என்று நம்பி மதுரை வண்டியில் டூட்டி பார்த்தபோது, திருமங்கலத்துக்கு முன்னாலேயே ஏறிவிட்டது. பயணிகள் எல்லோருக்கும் அரை டிக்கெட் கொடுத்து, நிறுத்தம் வந்தபோது விசிலுக்குப் பதிலாகக் கண்ணீர் விட்டார். எங்கே போனாலும் செக்கடித் தெரு செக்கடித் தெருதான் என்று அதற்குப் பிறகு யாரும் ஓடிப்பார்க்கவில்லை.

உண்மையைச் சொன்னால் தெருவுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆண்கள் தாங்கள் தனியாகக் குடிப்பதை விட்டுவிட்டு, நல்லவர்களாகி, ஜெகவீரனுக்குப் பாட்டில் வாங்கிக் கொடுத்தார்கள். வாயே திறக்காத மருமகள்கள் வாய் திறந்தார்கள். கோயில் பூசாரி வெயிலுகந்தான், சாயங்காலப் பூசையில் மந்திரத்துக்கு நடுவே அம்மனிடம், "ஆத்தா, ஒனக்குத் தெரியாததா, எனக்குப் பாதி மந்திரம் தெரியாது" என்று ஒப்புக்கொண்டார். முன்பு சாக்கடையில் கிடந்தபோது தாண்டிப் போனவர்கள் எல்லாம் இப்போது ஜெகவீரனை, "அண்ணே, சாப்பிட்டீகளா?" என்று கேட்டார்கள். அவனுக்கு அது புதுசு. மரியாதை கிடைக்கிறதே என்று, ஏறாத சரக்கைக் கசப்பு மருந்து குடிப்பதுபோல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

சீனியம்மாளுக்கும் பிடித்திருந்தது. இதைச் சொல்ல அவளுக்குக் கூச்சம், ஆனாலும் பிடித்திருந்தது. மாவாட்டி மாவாட்டி இற்றுப்போன இடுப்பு அந்த நேரத்தில் வலிக்கவில்லை. பிள்ளை இல்லாதது உறுத்தவில்லை. இத்தனை வருஷமாக இந்த மனுஷன் எதைத் தேடி ஓடினான் என்பது அவளுக்கு முதல்முறையாகப் புரிந்தது, புரிந்ததும் கோபம்தான் வந்தது, இவ்வளவு நல்லதைத் தனியாகவா வைத்திருந்தான் என்று.

தெருவுக்கு முதலில் ஒரு குவார்ட்டரே போதுமாக இருந்தது. ஐப்பசியில் அது எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை என்று ஆஃப் ஆயிற்று. மார்கழியில் ஃபுல். தை பிறந்தபோது சாயங்காலம் வரை தாங்காமல், நாடகம் முடியட்டும் என்ற சட்டம் தானாகவே செத்துப்போய், மத்தியானமே அய்யாத்துரை பாட்டிலோடு வந்து மைக்செட் கடை வாசலில் நின்றார். தெருவில் யாரும் அதைக் குடி என்று சொல்லவில்லை. நாமளா குடிக்கிறோம்? அவன் குடிக்கிறான், நமக்கு ஏறுது, நாம் என்ன செய்வோம் என்றுதான் சொன்னார்கள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, சீனியம்மாள் மாவை அளந்து ஊற்றக் கரண்டியைத் தூக்கினாள். பாத்திரத்தில் விழ வேண்டியது தரையில் விழுந்தது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையும் ஆடியது. பனி விழுகிற காலையில் முதுகெல்லாம் வேர்த்திருந்தது, நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது, குமட்டியது, யாரையாவது கடித்துக் குதற வேண்டும்போல் இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த புருஷனைக் காலால் உதைத்து எழுப்பி, "ஏய்யா, எந்திரிச்சுப் போய் ஒரு வாய் ஊத்திட்டு வாய்யா, மாவு ஊத்தணும்" என்றாள். அவன் எழுந்து, சமையலறையில் இருந்த மிச்சத்தைக் குடித்தான். கை நின்றது. சீனியம்மாள் ஒரு சொட்டுச் சிந்தாமல் மாவை ஊற்றினாள். அடுத்த நாளிலிருந்து அவன் தலைமாட்டில் பாட்டிலை எடுத்துவைத்துவிட்டுத்தான் அவள் கிரைண்டரைப் போட்டாள்.

போதைதான் தெருவுக்குப் போனதே ஒழிய, சரக்கு முழுவதும் ஜெகவீரனின் வயிற்றுக்குள்தான் போயிற்று. பங்குனி பிறந்த வாரம் அவன் கண் மஞ்சளாகி, வயிறு பானையாகி, ஒரு மத்தியானம் மைக்செட் பெட்டிமேல் ரத்தமாகக் கக்கினான். சீனியம்மாள் அவனை ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே டாக்டர் ரெஹானா என்று ஒரு பெண், காலையிலிருந்து டீ குடிக்க நேரம் கிடைக்காத முகத்தோடு, அவன் வயிற்றைத் தட்டிப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, அட்மிட் செய்து ரத்தக் கசிவை நிறுத்தினாள். அவன் எழுந்து உட்காரும் நிலைக்கு வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். குறைக்கணும்னு என்னைக்காவது நினைச்சிருக்கீங்களா? யாராவது குடியைப் பத்திப் பேசினா எரிச்சல் வருதா? தப்புப் பண்றோம்னு தோணியிருக்கா? காலையில எந்திரிச்சதும் கை நடுங்கி, ஒரு வாய் ஊத்தினாத்தான் நிக்குதா?

ஜெகவீரன் யோசித்து, "கையெல்லாம் நடுங்காதுங்க டாக்டரம்மா" என்று நீட்டிக் காட்டினான். பாறை மாதிரி நின்றது. டாக்டர் அந்தக் கையையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சீனியம்மாள் நாலு கேள்விக்கும் மனசுக்குள் ஆமாம், ஆமாம், ஆமாம், ஆமாம் என்று சொல்லிவிட்டு, ஆடிக்கொண்டிருந்த தன் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இனிமே குடிச்சா அடுத்த தீபாவளிக்கு நீங்க இருக்க மாட்டீங்க" என்றாள் டாக்டர். "ஆனா வீட்டுல வச்சுத் திடீர்னு நிறுத்திராதீங்க. ரொம்ப நாள் குடிச்ச ஒடம்பு, நிறுத்துனா வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போயிரும். இங்கயே மருந்து குடுத்துப் பாத்துக்கிட்டு நிறுத்துவோம்." கை நடுங்காத தனக்கு என்ன வலிப்பு என்று நினைத்த ஜெகவீரன், பின்பாதியைக் காற்றில் விட்டுவிட்டு, முன்பாதியை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மருந்தை மாத்திரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாளெல்லாம் தெரு என்ன பாடுபட்டிருக்கும் என்று கேட்டால், ஒன்றும் படவில்லை. அய்யாத்துரை தினமும் பழரசப் பாட்டிலில் பிராந்தி ஊற்றிக்கொண்டு பார்க்க வந்தார்.

சாவு பயம் வந்தவனுக்குச் சாமி ஞாபகம் வரும். காளியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று ஜெகவீரன் மஞ்சள் துணி கட்டி, வெயிலுகந்தான் கையால் காப்புக் கட்டிக்கொண்டான். காப்புக் கட்டியவன் சாராயத்தைத் தொடக் கூடாது என்பது அந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். பூசாரிக்கும் தெரியும். ஆனால் அவன் குடிக்காவிட்டால் தமக்கு என்ன ஆகும் என்று அவரும் யோசிக்கவில்லை, தெருவும் யோசிக்கவில்லை. திருவிழாச் சந்தோஷத்தில் இருந்தார்கள்.

அன்று சாயங்காலமே எல்லோருக்கும் சிடுசிடுப்பு வந்தது. மறுநாள் காலை, கோயில் முன்னால் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பெண்களின் குடங்கள் தளும்பின. பார்த்தால் குடம் பிடித்த கைகள் ஆடின. பந்தல்காரன் ஆடினான், உண்டியல் காவலுக்கு நின்றவர் ஆடினார், திண்டாட்டமாக இருக்கிறதே என்று வீட்டுக்குள் போய்ப் படுத்தவர்கள் கட்டிலோடு ஆடினார்கள். திருவிழா நேரத்தில், கோயில் வாசலில், வேர்க்க விறுவிறுக்க, கண் சிவந்து, உடம்பெல்லாம் ஆடினால் அதற்குச் செக்கடித் தெருவில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு. யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். "தெருவுக்கே ஆத்தா எறங்கியிருக்காடோய்!" என்று அய்யாத்துரை, நடுங்கும் தாடையோடு கத்தினார். உறுமியும் தப்பும் முழங்கின.

இப்படி ஓர் அதிசயத்தை ஊர் கண்டதில்லை. ஒரு சாமியாடியிடம் குறி கேட்க வரிசையில் நின்ற காலம் போய், ஆளுக்கொரு சாமியாடி கிடைத்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் எலுமிச்சம்பழமும் கையுமாக வந்து குவிந்தார்கள். கண்டக்டர் சுவரைப் பார்த்து, "எறும்பு வருது, செவ்வெறும்பு, எம்மேல ஏறுது, தட்டிவிடுங்க" என்று அலறினார். மழை வரப்போகிறது என்று பொருள் சொன்னார்கள். ஒருத்தி மூலையில் செத்துப்போன மாமியார் நிற்பதாகச் சொல்லி வாளியை எறிந்தாள். குலதெய்வத்துக்குக் குறை இருக்கிறது என்று பொருள் சொன்னார்கள். பிடித்துக் கட்டுவதற்குப் பதிலாக எல்லோரையும் விழுந்து கும்பிட்டார்கள். ஆடாமல் நின்ற ஒரே ஆள் ஜெகவீரன். காப்புக் கட்டிய தன்னை விட்டுவிட்டுக் கட்டாதவன் மேலெல்லாம் ஆத்தா இறங்குகிறாளே என்று அவன் மைக்செட் பக்கத்தில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

சீனியம்மாளும் ஆடிக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் சாமி வந்திருக்கிறது என்று இரண்டு பேர் அவள் காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தனக்குப் பக்கத்தில் ஆத்தா நிற்பதுபோலத்தான் அவளுக்கும் இருந்தது. ஆனால் அந்த ஆத்தாவும் சேர்ந்து, ஒரு வாய் ஊத்தச் சொல்லு, ஒரே ஒரு வாய் ஊத்தச் சொல்லு என்றே காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சாமி பலி கேட்கும், பொங்கல் கேட்கும், பட்டுச்சேலைகூடக் கேட்கும். குறிப்பிட்ட ஒரு பிராந்தியின் பெயரைச் சொல்லிக் கேட்குமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

அப்போதுதான் பூசாரி வெயிலுகந்தான் விழுந்தார். கற்பூரத் தட்டோடு நின்றவர், மரம் மாதிரி விறைத்து, பின்பக்கமாகச் சாய்ந்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க, நாக்கைக் கடித்து வாயில் ரத்தமும் நுரையுமாகக் கிடந்தார். ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "ஆத்தா உக்கிரமா எறங்கிட்டா, அடிங்கடா!" என்று தப்பு இன்னும் வேகம் பிடித்தது. வேட்டி நனைந்ததையும் யாரும் பார்க்கவில்லை.

சீனியம்மாள் பார்த்தாள். டாக்டர் சொன்ன பின்பாதி, புருஷன் காற்றில் விட்ட அந்தப் பின்பாதி, அவள் காதில் அப்படியே இருந்தது. அவள் தடுமாறி நடந்து, பூசாரியை ஒருக்களித்துப் படுக்கப்போட்டுவிட்டு, ஜெகவீரனிடம் போய் மைக்கைப் பிடுங்கினாள். மைக் அவள் பல்லில் இடித்தது.

"கொட்டு அடிக்கிறத நிப்பாட்டுங்கடா! இது சாமியும் இல்ல, பூதமும் இல்ல. குடி! பூசாரிக்கு வந்தது வலிப்பு. எனக்குக் காலையில காலையில இப்படித்தான் ஆடும், எம்புருசனை உதைச்சு எழுப்பிக் குடிக்கச் சொல்லி நிப்பாட்டுவேன். ஒங்க வீட்டுல எல்லாம் ஆடலைன்னு ஆத்தா மேல கைவச்சுச் சத்தியம் பண்ணுங்க பாப்போம்!"

நாலு குழாய் வழியாக அது நாலு தெருவுக்குக் கேட்டது. யாரும் சத்தியம் பண்ண முன்வரவில்லை.

ஆனால் அய்யாத்துரைக்கு வேறு வழி தெரிந்தது. இடுப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்தும் அது ஆட, ஜெகவீரன் முன்னால் மண்டியிட்டார். "மாப்ளே, காப்பை நான் அவுக்கிறேன், பாவம் எனக்கு வரட்டும். ஒரு வாய் குடி. தெரு சாகுது." அவருக்குப் பின்னால் தெருவே மண்டியிட்டது. ஜெகவீரன் பாட்டிலை வாங்கினான். குடித்தால் தன் உயிர் போகும், குடிக்காவிட்டால் இவர்கள் சாவார்கள் என்று அவனுக்கு விளங்கியது; மூடியைத் திருகினான். அந்த வாசனை எட்டியதும் சீனியம்மாளின் உடம்பு மொத்தமும், குடி, குடி என்று அவனைப் பார்த்துக் கெஞ்சியது. அவள் தன் நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்துக்கொண்டு, பாட்டிலைத் தட்டிவிட்டாள்.

"வண்டியை எடு" என்றாள் புருஷனிடம். "அம்மன் ஊர்வலத்துக்கு நிக்கிற டிராக்டரை எடு. எல்லாரும் ஏறுங்க."

சீரியல் பல்பும், வாழைமரமும், அட்டையில் செய்த பெரிய சிங்கமுமாக அந்த டிராக்டர், ஜெனரேட்டர் ஓட, செக்கடித் தெருவை மொத்தமாக ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. டாக்டர் ரெஹானா வெளியே வந்து பார்த்தாள்.

"யாரு குடிச்சது?"

"இவரு."

"யாருக்கு நடுங்குது?"

"எங்களுக்கு."

"வழக்கமா வீடு வீடா வருவாங்க, நீங்க தெருவா வந்திருக்கீங்க" என்றாள் டாக்டர். "பூசாரியை முதல்ல உள்ள தூக்குங்க. மத்தவங்க வரிசையா உக்காருங்க. சிங்கத்தை வாசல்ல நிப்பாட்டாதீங்க, ஆம்புலன்ஸ் வரணும்."

வார்டு போதாமல் வராந்தாவிலும் பாய் போட்டார்கள். வைட்டமின் ஊசி போட்டார்கள், நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, நாள்பட நாள்படக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். நடமாடத் தெம்புள்ளவன் ஜெகவீரன் ஒருவன்தான். பானை வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவன் ஒவ்வொரு பாயாகப் போய்க் கஞ்சி ஊட்டினான், வாந்தி அள்ளினான், இல்லாத எறும்புகளைக் கண்டக்டரின் மேலிருந்து பொறுமையாகத் தட்டிவிட்டான்.

சீனியம்மாளின் கட்டில் பக்கம் வரும்போதுதான் அவனுக்குப் பொறுமை உடைந்தது. அவளுக்கு மருந்து வேலை செய்யத் தாமதமாயிற்று. "ஏங்க, ஒரே ஒரு வாய். யாருக்கும் தெரியாது. இதுதான் கடைசி, ஒங்க மேல சத்தியம்" என்றாள். அவன் முடியாது என்றான். "அப்ப நான் செத்தா ஒனக்குச் சந்தோசமாய்யா?" என்றாள். முடியாது என்றான். "நீயெல்லாம் ஒரு மனுசனா? எனக்கு எங்க வலிக்குதுன்னு ஒனக்கு என்ன தெரியும்? நான் என்ன குடிகாரியா? நெனைச்சா இப்பவே விட்டுருவேன், தெரியுமா?" என்று கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கினாள், அவன் கொடுத்த கஞ்சியை அவன் முகத்திலேயே எறிந்தாள்.

ஜெகவீரன் கஞ்சி வழிய நின்றான். அந்தச் சொற்களில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. கடைசி, சத்தியம், செத்தா சந்தோசமா, நெனைச்சா விட்டுருவேன், எல்லாம் வருஷக்கணக்காக அவன் வாயிலிருந்து வந்து அவள் காதில் விழுந்தவை. கேட்கிற இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, முகத்தைக்கூடத் துடைக்காமல் அழுதான்.

மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் சீனியம்மாள் கண்விழித்தபோது தலை தெளிவாக இருந்தது. கையை நீட்டிப் பார்த்தாள், அசையாமல் நின்றது. பசித்தது. வராந்தாவில் அய்யாத்துரை யாரிடமோ இட்லி கெட்டியாக இருக்கிறது என்று குறைசொல்லும் சத்தம் கேட்டது; வெயிலுகந்தான் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெகவீரன் அவளுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். வாசல்படியில் டீ தளும்பியது. இரண்டு எட்டு வைப்பதற்குள் டம்ளரில் பாதி அவன் சட்டையில் இருந்தது. அவன் நின்று, தன் கையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். விரல் விரலாக, முழங்கை வரைக்கும், அது ஆடியது. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது.

தெரு மொத்தமும் அதைப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, தங்களை விட்டுப்போன அந்த நடுக்கத்தின் ஒவ்வொரு ஆட்டமும் அவர்களுக்குத் தெரிந்ததாக இருந்தது. ஓடிவிடுவான் என்று சீனியம்மாள் நினைத்தாள். இத்தனை வருஷத்தில் கை ஆடினால் அவன் கால் போகிற திசை அவளுக்குத் தெரியும். அவன் கதவைப் பார்த்தான். பிறகு டம்ளரைக் கவனமாகக் கீழே வைத்தான்.

"டாக்டரம்மா!" என்று கத்தினான், மைக்கே இல்லாமல், மூன்று வார்டுக்கும் கேட்கும்படி. பிறகு அவள் கட்டிலிடம் வந்து, ஆடும் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"எறங்கு சீனி. இது என் கட்டில்."